பெயர் சொன்னதும் எதிர்ப்பொருள் காட்டியதும்

1949இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் அளவின்றிப் பருக்கும் சுண்டெலிகள் தோன்றின. அவற்றை இயல்பான சுண்டெலிகளின் குருதியோட்டத்தோடு இணைத்த டக்ளஸ் கோல்மன், அவை உண்பது குறைவதைக் கண்டார். 1994இல் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு உரிய மரபணுவைக் கண்டறிந்தது. கொழுப்புத் திசு சுரக்கும் அந்த ஹார்மோனுக்கு, 'மெலிந்த' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் 'லெப்டின்' எனப் பெயரிட்டனர். பெயரே ஒரு வாக்குறுதியாயிற்று.

அதனைச் சோதித்தது எதிர்ப்பொருள். லெப்டினைப் பற்றிக்கொள்ளும் அப்புரதத்தின் துணையால் சிறிதளவு குருதியிலும் அதனை அளக்க முடிந்தது. பருத்த சுண்டெலிகளுள் ஒருவகையில் லெப்டின் இல்லை; மற்றொன்றில் மிகுந்திருந்தது, ஏற்பியே பழுது. பருத்த மனிதர் பெரும்பாலோரிடமும் மிகுதியே என்பது 1996இல் வெளிவந்தது. பிறவியிலேயே லெப்டின் அற்ற மிகச் சிலருக்கே அது மெலிவிக்கும் மருந்தாயிற்று.

மொழியியல் பயில்வோர்க்கு இஃது ஓர் எச்சரிக்கை: சொல்லின் வேர் காட்டுவது பெயரிட்டோரின் எதிர்பார்ப்பையே, பொருளின் இயல்பை அன்று.