இராமன் ஒளியும் பொன் துகளும்

சர் சந்திரசேகர வேங்கட இராமனைப் பற்றி நம் தமிழ்ப்பள்ளி மாணவர் அறிந்திருப்பது மிகச் சிலவே. கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்டார்; ஒளியில் ஒரு புதுமையைக் கண்டார்; 1930இல் நோபெல் பரிசு பெற்றார். ஆசிரியர்களாகிய நாமும் பரிசோடு பாடத்தை நிறுத்திவிடுகிறோம். அவர் கண்ட ஒளியின் கதையோ பரிசோடு முடியவில்லை. உயிருள்ள உடலுக்குள், கத்தி வைக்காமல், நோயுற்ற உயிரணு எங்கிருக்கிறது என்று தேடும் ஆராய்ச்சியில் இன்று அவ்வொளியும் ஒரு கருவியாகியிருக்கிறது. அது அங்குச் சென்று சேர எண்பது ஆண்டுகள் ஆயின. அவ்வரலாற்றை ஈண்டு ஓரளவு விரித்துரைக்க விரும்புகிறேன்.

இராமன் 1888இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1907இல் நிதித்துறை அலுவலராகக் கல்கத்தா சென்றார். அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதையெல்லாம் பௌபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் கழித்தார். 1917இல், வருவாய் குறையும் என்று தெரிந்தே அரசாங்கப் பதவியை விட்டுப் பேராசிரியரானார். 1921இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பும்போது கடலின் நீலம் அவர் சிந்தையைக் கவர்ந்தது. வானத்தின் நீலமே கடலில் தெரிகிறது என்பது ரேலி பிரபுவின் கொள்கை. இராமன் கையிலிருந்த ஒரு பட்டகத்தால் வானத்தின் எதிரொளியை விலக்கிவிட்டுப் பார்த்தார். நீலம் மறையவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்பது அவர்க்குத் தெளிவாயிற்று.

இவ்விடத்தில் இன்னொரு தமிழர் பெயரைச் சொல்லியாக வேண்டும். நம் பாடங்களில் அப்பெயர் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனே அவர். 1928ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இருட்டறையில் அமர்ந்து பொழுதெல்லாம் நோக்கியவை அவருடைய கண்கள். முறை மிக எளியது. ஞாயிற்றின் ஒளியை 18 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு தொலைநோக்கி வில்லையால் குவித்து, ஊதா வடிகட்டி ஒன்றின் வழியே தூய நீர்மத்துள் செலுத்தினர். நீர்மத்திலிருந்து சிதறி வரும் ஒளியை மஞ்சட்பச்சை வடிகட்டி ஒன்றின் வழியே நோக்கினர். ஊதா வடிகட்டி விட்ட ஒளியை மஞ்சட்பச்சை வடிகட்டி விடாது. ஆகவே எதுவும் தெரியலாகாது. ஆனால் மங்கலான ஓர் ஒளி தெரிந்தது! நீர்மத்தினுள் ஒளியின் நிறமே மாறியிருந்தது. ஏறக்குறைய அறுபது நீர்மங்களில் இதனைக் கண்டனர். பிப்ரவரி 28இல் நிறமாலைக் கருவியால் உறுதி செய்தனர். மார்ச் 31இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த கடிதத்தில் இராமன், கிருஷ்ணன் இருவர் பெயரும் உள்ளன. பரிசு ஒருவருக்கே கிடைத்தது. அதனால் மற்றவரை மறப்பது முறையன்று.

இவ்வொளிக்கு ஒரு பெருங்குறையும் ஒரு பெருஞ்சிறப்பும் உண்டு. குறை, அதன் மெலிவு. சிதறும் ஒளித்துகள்களில் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒன்றே நிறம் மாறுகிறது. சிறப்பு, அதன் நுட்பம். எத்துணை நிறம் மாறும் என்பதை மூலக்கூறின் அதிர்வே தீர்மானிக்கிறது. ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் தனக்கே உரிய மெல்லிய கோடுகள், கைரேகைபோல, நிறமாலையில் விழுகின்றன. வேதியியலார் அக்கோடுகளைக் கொண்டு பொருள்களை இனங்கண்டனர். 1960இல் லேசர் பிறந்தபின் அவ்வேலை எளிதாயிற்று. ஆயினும் கோடியில் ஒன்று கோடியில் ஒன்றாகவே இருந்தது.

அடைப்பு 1974இல் திறந்தது. இராமன் மறைந்து சில ஆண்டுகள் கழிந்த பின்பு, இங்கிலாந்தில் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் பிளைஷ்மனும் உடனிருந்தோரும் சொரசொரப்பாக்கிய வெள்ளித் தகட்டின்மேல் படிந்த பிரிடின் என்னும் பொருளை ஆராய்ந்தனர். எதிர்பாராத வலிமையுடன் இராமன் கோடுகள் எழுந்தன. பரப்பு மிகுந்ததால் அப்படியாயிற்று என்று அவர்கள் எண்ணினர். பரப்பு மட்டுமே காரணமாக இருக்க முடியாது, ஒளி பத்து இலட்சம் மடங்கு வரை பெருகுகிறது என்று 1977இல் அமெரிக்காவில் வான் டைனும் ஜான்மேரும் காட்டினர். மிக நுண்ணிய வெள்ளியிலும் பொன்னிலும் உள்ள எலெக்ட்ரான்கள் ஒளி பட்டதும் ஒன்றுகூடி அசைகின்றன; அவ்வசைவு அருகிலிருக்கும் மூலக்கூறின் மெலிந்த குரலை உரக்க ஒலிக்கச் செய்கிறது.

நுண்ணிய பொன் என்றால் எவ்வளவு நுண்மை? நம் சுங்கை வே தடையற்ற வாணிக வட்டாரம் 1972இல் தொடங்கியபின், அங்குள்ள மின்னணு ஆலைகளில் பெண்கள் உருப்பெருக்கியில் கண் பதித்து, மயிரினும் மெல்லிய பொற்கம்பியைச் சில்லுகளில் பொருத்தினர். நாம் பேசும் பொன் துகளுக்கு முன் அக்கம்பி ஒரு தேக்குமரம். ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறு செய்தால் ஒரு கூறு நானோமீட்டர். துகளின் குறுக்களவு அறுபது நானோமீட்டர். நூறு துகள்களை வரிசையாக வைத்தாலும் ஒரு செங்குருதி அணுவின் அகலத்தை எட்டா. (சித்த மருத்துவத்தின் தங்க பஸ்பத்தோடு இதனைக் குழப்பிக்கொள்ள வேண்டா. அது வேறு, இது வேறு.)

உடலுக்குள் உயிரணுவைப் பின்தொடர வேண்டிய தேவைதான் என்ன? 2005இல் நெதர்லாந்தின் நைமேகன் நகரில் நடந்தது ஒன்று போதும். தோற்புற்றுடைய எட்டு நோயாளிகளுக்கு, அவர்களுடைய நோய் எதிர்ப்பு உயிரணுக்களையே பயிற்றி, இரும்பு ஆக்சைடு நுண்துகள்களால் அடையாளமிட்டு, நிணநீர்க் கணுவில் ஊசிவழிச் செலுத்தினர். ஒலியலைக் கருவி வழிகாட்டியது. கைதேர்ந்தவர்களே ஊசி போட்டனர். பின்னர்க் காந்த அதிர்வுப் படத்தில் பார்த்தால், பாதிப் பேர்க்கு மருந்தணுக்கள் கணுவுக்குள் சேரவேயில்லை! அடையாளம் இடாதிருந்தால், மருந்து பயனற்றது என்றே முடிவு கட்டியிருப்பர்.

இரும்புத் துகள் உடலின் ஆழத்திலும் தெரியும். ஆனால் பலவகை அணுக்களை வேறுபடுத்திக் காட்டாது. ஒளிரும் சாயங்கள் பல நிறம் காட்டும். ஆனால் அந்நிறங்கள் அகன்று பரவி ஒன்றின்மேலொன்று விழும். இராமன் கோடுகளின் நுட்பம் இங்கேதான் கைகொடுத்தது. 2008இல் ஷூமிங் நீயின் குழுவினர், பொன் துகளின்மேல் ஓர் அடையாளச் சாயத்தைப் பூசி, புற்றணுவைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளையும் இணைத்து, உயிருள்ள எலியின் கட்டியைக் கண்டனர். அதே ஆண்டில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில், அம்பாலாவில் பிறந்த சஞ்சீவ் காம்பீரின் குழுவும் எலிகளில் வெற்றி பெற்றது. அடுத்த ஆண்டு அக்குழு எலியின் தோலுக்கடியில் பத்து வகைத் துகள்களைத் தனித்தனியே பிரித்தறிந்தது.

இவை எலியளவில் நடந்தவை. மனிதருக்குத் தடைகள் உள. ஒளி தசையினூடே சில மில்லிமீட்டருக்கு மேல் செவ்வனே செல்லாது. குருதியில் செலுத்திய துகள்களில் பெரும்பகுதியை ஈரலும் மண்ணீரலும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பொன் எளிதில் கரையாது. நெடுங்காலம் அங்கே தங்கினால் என்ன நேரும் என்பதை ஆராயாமல் நோயாளிக்கு ஏற்றுவது தகாது. இதனிடையே துகளே இல்லாத ஒரு வழியையும் மருத்துவர் கண்டனர். 2015இல் கனடாவின் மொன்றியல் நகரில், மூளை அறுவையின்போது கையடக்கமான இராமன் கருவியொன்றைத் திறந்த மூளையின்மேல் வைத்து, எது நலமான தசை, எது புற்றுப் பரவிய தசை என்று அங்கேயே அறிந்தனர். கிருஷ்ணன் இருட்டறையில் பொழுதெல்லாம் காத்திருந்து கண்ட ஒளியை அக்கருவி ஒரு நொடிக்குள் கண்டுவிடுகிறது.