யாரிடம் கேட்டார்கள்? மன்னார்த் தீவின் காற்றாலை எதிர்ப்பு, 2020–2025

மன்னார்த் தீவின் காற்றாலைகளைப் பற்றிக் கொழும்பிலும் சென்னையிலும் எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி ஒரே நிறுவனத்தைப் பற்றியது. இந்தியாவின் அதானி வந்தது, விலை சர்ச்சையானது, வழக்கு நடந்தது, அதானி விலகியது என்ற வரிசையில் 2025 பெப்ரவரியில் அந்தக் கதை முடிந்துவிடுகிறது. தீவு மக்களின் போராட்டமோ அதற்குப் பிறகுதான் உச்சத்தைத் தொட்டது. உள்நாட்டு நிறுவனங்கள், கேள்விமனு வழியே குறைந்த விலை என்று விமர்சகர்கள் கோரியவை பெரும்பாலும் நிறைவேறிய பின் வந்த திட்டங்களைத்தான் அந்த ஆண்டு ஓகஸ்டில் மக்கள் தெருவில் மறித்தார்கள். விலையும் நிறுவனத்தின் நாடும் மட்டுமே பிரச்சினை என்றால் இது நடந்திருக்கக் கூடாது. தீவைப் பற்றிய முடிவுகளைத் தீவாரைக் கேட்காமல் எடுக்கும் முறையே இந்த எதிர்ப்பைப் படிப்படியாக, அனுபவத்தின் வழியே உருவாக்கியது என்பது இக்கட்டுரையின் வாதம்.

மணலும் நீரும்

எதிர்ப்பின் தன்மையை அறிய முதலில் நிலத்தின் தன்மையை அறிய வேண்டும். ஏறத்தாழ 130 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள மன்னார்த் தீவு ஒரு தாழ்ந்த மணல் திட்டு. ஆறு கிடையாது, குளத்துப் பாசனம் கிடையாது. வாடைக் காலத்தில் விழும் மழை மணலில் இறங்கி, கீழே இருக்கும் உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. கிணறும் பனையும் தோட்டமும் அந்தப் படலத்தை நம்பியே நிற்கின்றன. மிகுந்த நீர் மணல்மேடுகளுக்கு இடையே உள்ள தாழ்வுகள் வழியே கடலை அடைய வேண்டும். அந்தத் தாழ்வு கண்ணுக்குத் தெரியும் வாய்க்கால் அன்று. ஓரிரு அடி உயர வித்தியாசம் மட்டுமே. கனரகப் பாரந்தூக்கி செல்வதற்காக உயர்த்திப் போடப்படும் ஒரு பாதை அந்த வித்தியாசத்தை அழித்துவிடப் போதுமானது. கரையிலோ கரைவலைக்காரரின் 'பாடு' என்னும் வழக்கம் உண்டு. இந்தக் கரைத்துண்டில் இன்னாரின் வலை இழுக்கப்படும் என்பது பல தலைமுறைப் புழக்கத்தால் நிலைபெற்றது. திட்ட வரைபடத்தில் ஆளற்ற கடற்கரையாகத் தெரியும் இடம், ஊராரின் கணக்கில் ஏற்கெனவே பங்கிடப்பட்ட தொழிலிடம்.

இந்த நிலத்துக்கு ஒரு போர்க்கால நினைவும் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது எருக்கலம்பிட்டி போன்ற தீவின் ஊர்கள் வெறுமையாயின. தமிழர்கள் மடுத் திருத்தலத்துக்கும், தலைமன்னார்க் கரையிலிருந்து படகேறி இராமேசுவரத்துக்கும் போனார்கள். பெருநிலப்பரப்பில் முள்ளிக்குளத்து மக்கள் 2007இல் வெளியேற்றப்பட, அந்த ஊர் கடற்படை முகாமானது. போருக்குப் பின் இயற்கை ஒதுக்கம், கடல்சார் தேசியப் பூங்கா என்று அடுத்தடுத்து வர்த்தமானி அறிவித்தல்கள் வந்தன. தீவின் மணலில் உள்ள இல்மனைற்றுக்காக ஓர் அவுஸ்திரேலிய நிறுவனம் ஆய்வுத் துளைகள் இட்டது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நியாயம் சொல்லப்பட்டது. ஊராருக்குத் தெரிந்ததோ ஒன்றுதான்: நிலத்தைப் பற்றிய செய்தி கடைசியாக வந்து சேரும் இடம் தங்கள் வீடு.

தம்பபவனி கற்பித்த பாடம்

தீவின் தென்கரையில் இலங்கை மின்சார சபை அமைத்த 'தம்பபவனி' 2020 டிசெம்பரில் திறந்துவைக்கப்பட்டது. 30 கோபுரங்கள், 103.5 மெகாவாட், ஆசிய அபிவிருத்தி வங்கியின் 200 மில்லியன் டொலர் கடன். பறவைகள் நெருங்கும்போது சுழற்சியை நிறுத்த உதவும் ராடார் ஏற்பாடும் அதில் இருந்தது. அன்று எழுந்த கேள்விகள் பெரும்பாலும் பறவையியலாளர்களுடையவை. மத்திய ஆசியப் பறப்புப் பாதையில் வரும் பூநாரைகளுக்கும் கரைப்பறவைகளுக்கும் மன்னார் முதன்மையான தங்குமிடம்; அருகிலுள்ள வங்காலைச் சரணாலயம் 2010 முதல் ராம்சார் ஈரநிலம். ஊர் மக்களிடமிருந்து அப்போது பெருந்திரளான எதிர்ப்பு எழவில்லை. வரலாற்று நோக்கில் இது முக்கியமான செய்தி. அறியாமையால் எதிர்ப்பவர்கள் கோபுரம் வருமுன் எதிர்ப்பார்கள். மன்னார் மக்கள் கோபுரத்தோடு வாழ்ந்து பார்த்த பிறகு எதிர்த்தார்கள்.

மழைநீர் முன்போல் வடியாமல் ஊருக்குள் தேங்குகிறது, கரையோரத்தில் மீன்பாடு குறைந்துவிட்டது என்பன அவர்கள் முன்வைத்த முறைப்பாடுகள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. முதலாவது, நிலத்தின் அமைப்போடு பொருந்துவது. நிலமட்ட அளவை எடுத்தும், பாதைகளின் கீழ் போதிய மதகுகள் உண்டா என்று பார்த்தும் சோதிக்கக்கூடியது. இரண்டாவதற்கான சான்று பலவீனமானது. எல்லை தாண்டி வரும் இந்திய இழுவைப்படகுகள் உட்பட மீன்வளம் குறையப் பல காரணங்கள் அந்தக் கடலில் உள்ளன. நிலத்தில் நிற்கும் கோபுரத்தின் பங்கை அவற்றிலிருந்து பிரித்தெடுப்பது கடினம். ஆனால் இரண்டு முறைப்பாடுகளுக்கும் நேர்ந்த கதி ஒன்றே. மக்களின் நம்பிக்கையைப் பெற்ற சுயாதீன ஆய்வு எதுவும் முடிவாக வைக்கப்படுமுன், அடுத்த திட்டத்தின் வரைபடம் மேசைக்கு வந்துவிட்டது.

விலைப் போரும் ஊர்ப் போரும்

2022 மார்ச்சில் அதானி கிரீன் எனர்ஜியுடன் மன்னார், பூநகரி ஆகிய இடங்களுக்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதே ஆண்டு ஜூனில், கேள்விமனுப் போட்டியின்றித் திட்டங்களை வழங்க வழிவிடும் மின்சாரச் சட்டத் திருத்தம் நிறைவேறியது. 2023 பெப்ரவரியில் 442 மில்லியன் டொலர் முதலீட்டுக்கு அனுமதி கிடைத்தது. மன்னாரின் 250 மெகாவாட், 52 கோபுரங்கள் பற்றிய சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு பொதுமக்களின் கருத்துக்கு வைக்கப்பட்டதோ 2024இன் தொடக்கத்தில். தாலி கட்டிய பிறகு பொருத்தம் பார்த்த கதை இது. 2024 மேயில் அலகொன்றுக்கு 8.26 அமெரிக்க சதம் என்ற விலையை 20 ஆண்டுகளுக்கு அமைச்சரவை ஏற்றது. சுற்றாடல் அமைப்புகளும் மன்னார் ஆயரும் உயர் நீதிமன்றம் சென்றார்கள். ஆட்சி மாறி, விலையை மறுபரிசீலிக்கப் புதிய அரசு முனைந்தபோது, 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது.

இந்தக் கட்டத்தில் இரண்டு வேறு வழக்குகள் ஒரே கொடியின் கீழ் நடந்தன. தலைநகரின் வழக்கு விலையையும் வெளிநாட்டு அழுத்தத்தையும் பறவைகளையும் பற்றியது. தீவின் வழக்கு வெள்ளத்தையும் கரைவலைப் பாட்டையும் நிலத்தையும் பற்றியது. கேள்விமனு வழியே 50 மெகாவாட் திட்டம் ஒன்று 4.65 சதத்துக்கு உள்நாட்டு நிறுவனத்துக்கு வழங்கப்பட்டபோது முதல் வழக்கின் பெரும்பகுதி வென்றுவிட்டது. இரண்டாவது விசாரணைக்கே எடுக்கப்படவில்லை. ஆகவேதான் 2025 ஓகஸ்டில் காற்றாலைப் பாகங்களை ஏற்றி வந்த பாரவூர்திகள் மறிக்கப்பட்டன. ஜனாதிபதி ஒரு மாதம் பணிகளை நிறுத்திவைத்தார். செப்டெம்பர் 26 இரவு பொலிஸ் பாதுகாப்புடன் பாகங்கள் தீவுக்குள் கொண்டுசெல்லப்பட்டபோது மோதல் மூண்டு பலர் காயமடைந்தனர். 29ஆம் திகதி மாவட்டம் ஹர்த்தாலில் அடங்கியது.

கேட்பதற்கு இடமில்லாத காலம்

இந்தக் கால வரிசையின் பக்கத்தில் இன்னொரு வரிசையை வைத்துப் பார்த்தால் எதிர்ப்பு ஏன் தெருவுக்கு வந்தது என்பது விளங்கும். வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது; அதன்பின் தேர்தல் நடக்கவில்லை. உள்ளூராட்சி மன்றங்களின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6இல்தான். தாக்க மதிப்பீடு கருத்துக்கு வந்தபோதும், 8.26 சதம் ஏற்கப்பட்டபோதும், 50 மெகாவாட் வழங்கப்பட்டபோதும் தீவின் மக்களுக்கு மாகாண சபையும் இல்லை, பிரதேச சபையும் இல்லை, நகர சபையும் இல்லை. இருந்தவர்கள் கொழும்பு நியமித்த அதிகாரிகள் மட்டுமே. அந்த வெற்றிடத்தைப் பிரஜைகள் குழுவும் ஆலயங்களும் பள்ளிவாசல்களும் மீனவர் சங்கங்களும் நிரப்பின. போராட்டத்தின் பின்னால் மதகுருமாரும் கட்சிகளும் நின்று தூண்டினார்கள் என்பது எதிர்த்தரப்பின் குற்றச்சாட்டு. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாத ஊரில் மக்கள் கூடுவதற்கு வேறு கூரை இருக்கவில்லை என்பதே அதற்கான விடை.

மறுப்புகள்

வலுவான மறுப்பு காலநிலை சார்ந்தது. 2022இல் எரிபொருள் வாங்க டொலரின்றி நாடு சில நாட்களில் பத்து மணிநேரத்துக்கு மேல் இருளில் கிடந்தது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் நிலக்கரிக்கு மாற்று வேண்டும். 2030க்குள் மின்சாரத்தில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது தேசிய இலக்கு. கடல்மட்டம் உயர்ந்தால் முதலில் மூழ்குபவற்றில் மன்னாரும் ஒன்று. இவை அனைத்தும் உண்மை. ஆனால் இந்த வாதம் காற்றாலை வேண்டும் என்பதை நிறுவுகிறதே தவிர, இந்தத் தீவில், இத்தனை கோபுரம், இந்த முறையில் என்பதை நிறுவவில்லை. மக்கள் வைத்த கோரிக்கையும் காற்றாலைகளைத் தீவுக்கு வெளியே, பெருநிலப்பரப்பில் அமையுங்கள் என்பதே. அவசரத்தைக் காட்டிக் கேட்காமல் கட்டுவது காலத்தை மிச்சப்படுத்துவதும் இல்லை. நோர்வேயின் ஃபோசென் பகுதியில் 151 காற்றாலைகள் சுழலத் தொடங்கிய பிறகு, 2021 ஒக்டோபரில், அவற்றின் அனுமதி கலைமான் மேய்க்கும் சாமி மக்களின் பண்பாட்டு உரிமையை மீறியது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இணக்கம் காண மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

இன்னொரு மறுப்பு, இழப்பீடோ பங்கோ கொடுத்தால் எதிர்ப்பு அடங்கும் என்பது. மின்சாரம் 220 கிலோவோல்ற் கம்பியில் நாட்டின் வலையமைப்புக்குப் போகிறது. கோபுரத்தின் அடியில் குடியிருப்பவரும் கொழும்பிலிருப்பவரும் ஒரே கட்டணம் செலுத்துகிறார்கள். ஆகவே பங்கு நியாயமானதுதான். ஆனால் அது விடையின் பாதி. புதிய காற்றாலையின் குறைந்தது 20 வீதப் பங்கை அயலாருக்கு விற்க முன்வர வேண்டும் என்று டென்மார்க் 2008இல் சட்டம் இயற்றியது. எதிர்ப்பு அதனால் மறைந்துவிடவில்லை, பின்னர் அந்த ஏற்பாடே மாற்றப்பட்டது. முடிவெடுக்கும் மேசையில் இடம் தராமல் இலாபத்தில் மட்டும் இடம் தருவதை மக்கள் வாய்க்கரிசியாகவே பார்க்கிறார்கள்.

முடிவு

ஹர்த்தாலுக்குப் பின் அரசு, அனுமதித்தவை தொடரும், இனி மக்களின் சம்மதமின்றித் தீவில் புதிய காற்றாலை இல்லை என்ற நிலைப்பாட்டுக்கு வந்தது. சம்மதம் என்ற சொல் இந்த விவகாரத்தில் அரசின் வாயிலிருந்து வந்தது ஒரு முன்னேற்றமே. அந்தச் சம்மதத்தை யார், எந்த அவையில், எந்தக் கட்டத்தில் தெரிவிப்பது என்பதற்கு இன்னும் சட்டமில்லை. பிரதேச சபை மீண்டும் வந்துவிட்டது. அதன் தீர்மானத்துக்கு மின் திட்டத்தைக் கட்டுப்படுத்தும் வலு இல்லை. மாகாண சபையின் கதிரைகள் இன்னும் காலி. முதலீட்டு அனுமதிக்கு முன்பே நிலமட்ட அளவையும் தாக்க மதிப்பீடும் ஊர் மன்றத்தின் முன் வைக்கப்பட்டு, அதன் முடிவு கட்டுப்படுத்தும் என்றாகும்வரை, மன்னாரில் சம்மதம் கேட்கப்படும் இடமாகப் பாரவூர்தி வரும் தெருவே இருக்கும்.