உயரத்தை எங்கிருந்து அளப்பது?

பொன்னேரியில் சித்திரை மாதம் அகத்தீஸ்வரரும் கரிகிருஷ்ணப் பெருமாளும் வீதியில் சந்தித்துக்கொள்ளும் திருவிழா நடக்கும். திருவிழா என்றால் ராட்டினம் இல்லாமலா? ராட்டினத்தில் ஏறுகிறவருக்கு அது எத்தனை அடி என்று தெரியாது; தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. உச்சிக்குப் போனதும் வயிற்றில் ஒரு குழி விழுகிறது. கீழே நிற்கிறவர்களைப் பார்த்துக் கத்துகிறோம். இறங்கி வந்து பொரிகடலை வாங்குகிறோம். அங்கே உயரம் என்பது உடம்புக்கு மட்டும் தெரிந்த விஷயம். அது எப்போது எண்ணாக மாறியது, அந்த எண்ணைக் கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதுதான் இங்கே நம் பிரச்சினை.

ரோலர் கோஸ்டருக்கும் பொன்னேரிக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் நிலக்கரி வழியாக வருகிறது.

1827இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், மவுச் சங்க் என்ற ஊரில், மலைச் சுரங்கத்திலிருந்து கரியைக் கீழே இறக்க ஒரு தண்டவாளம் போட்டார்கள். கரி நிரம்பிய பெட்டிகள் தம் பாரத்தாலேயே உருண்டு இறங்கும். காலிப் பெட்டிகளைக் கோவேறு கழுதைகள் மேலே இழுத்துப்போகும். கரி இறங்கும்போது அந்தக் கழுதைகளும் ஒரு பெட்டியில் ஏறிக் கீழே வரும். கோஸ்டரின் முதல் பயணிகள் என்று அவற்றைத்தான் சொல்ல வேண்டும். பிறகு வேடிக்கை பார்க்க வந்தவர்களையும் ஏற்றினார்கள். 1870களில் கரி வேறு பாதைக்குப் போய்விட, சவாரி மட்டும் மிஞ்சியது. 1884இல் லாமார்கஸ் தாம்ப்சன் நியூயார்க்கின் கோனி தீவில் சுமார் 50 அடி உயரத்தில் மரச்சரிவு ஒன்றை நிறுவி ஆளுக்கு 5 சென்ட் வாங்கினார். வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டர்தான். ரஷ்யாவின் பனிச்சறுக்கு மேடைகள் இதற்கு இன்னொரு மூலம் என்றாலும், தண்டவாளத்தைக் கொடுத்தது கரிதான். சுரங்கத் தொழிலாளியை மிரட்டிய வீழ்ச்சி இங்கே சில்லறைக்குக் கிடைக்கும் சரக்கானது. சரக்கு என்று வந்துவிட்டால் அளவும் போட்டியும் கூடவே வந்துவிடும்.

1978இல் அமெரிக்காவில் கோஸ்டர் ஆர்வலர்கள் தமக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். ஒஹையோவின் சிடார் பாயிண்ட் பூங்காவில் மட்டும் 1989இல் 200 அடி, 2000இல் 300 அடி, 2003இல் 400 அடி என்று எல்லைகள் தாண்டப்பட்டன. 2005இல் நியூஜெர்சியின் கிங்டா கா 456 அடிக்குப் போனது. அதை மிஞ்சப்போவதாக 2014இல் ஆர்லாண்டோவில் 570 அடி கோபுரம் ஒன்று அறிவிக்கப்பட்டு, கட்டப்படாமலே போனது. சவூதி அரேபியாவில் ரியாத்தை ஒட்டிய கித்தியாவில் 2019இல் அறிவித்த ஃபால்கன்ஸ் ஃபிளைட் 2025 டிசம்பர் கடைசியில்தான் திறந்தது. மணிக்கு 250 கிலோமீட்டர் வேகம், நான்கு கிலோமீட்டருக்கு மேல் நீளம், மலை முகட்டிலிருந்து 150 மீட்டருக்கு மேற்பட்ட வீழ்ச்சி. அதே 2025 பிப்ரவரியில் கிங்டா காவை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள்.

இப்படி ஒரு சாதனை உயரம் அறிவிக்கப்பட்டவுடன் ஆர்வலர்கள் கைதட்டி வரவேற்பார்கள் என்று நினைத்தால் தப்பு. அவர்கள்தான் முதலில் சந்தேகப்படுகிறவர்கள். இது படத்தோடு நின்றுபோகுமா, நிஜமாகவே வருமா? மலைச்சரிவைச் சேர்த்து அளந்தால் அது கோஸ்டரின் உயரமா, மலையின் உயரமா? வருஷத்தில் எத்தனை நாள் ஓடும், எத்தனை நாள் பழுதாகிக் கிடக்கும்? இதற்கு இடம் விடப் பழசு எதை இடிப்பார்கள்? கடைசியாக, உயரம் மட்டும் போதுமா? பெரிய இறக்கம் ஒன்றை வைத்துவிட்டு மிச்சப் பாதையில் ஒன்றுமில்லாமல் போன கோஸ்டர்களை அவர்கள் மன்னிப்பதில்லை.

நுகர்வுப் பண்பாட்டின் அடிமைகள் என்று இவர்களை ஒதுக்கிவிடுவது நமக்குச் சுலபம். ஆனால் நுகர்வின் நடுவிலிருந்தே அதன் எண்களை நம்ப மறுக்கும் ஒரு விமரிசனப் பயிற்சி இவர்களிடம் இருக்கிறது. இந்த ஐந்து கேள்விகளையும் நாம் கடன் வாங்கிக்கொண்டு பொன்னேரி வட்டத்துக்கு வருவோம்.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கருக்கு மேல் விரிக்க ஒரு திட்டம் முன்வைக்கப்பட்டது. ஆண்டுக்கு 2.46 கோடி டன் கையாளும் திறனை 32 கோடி டன்னாக்குவது நோக்கம். கோஸ்டர் உலகில் இப்படி ஒரு எண் வந்தால் அத்தனை கேள்விகளும் பிறக்கும். இங்கேயும் பிறந்தன. கடலைத் தூர்த்து எடுக்கும் நிலத்தையும் நிலம் என்றே கணக்கெழுதலாமா? அலை தடுக்கப்பட்டால் வடக்கே கரை எவ்வளவு அரிக்கும்? கடலுக்கும் ஏரிக்கும் நடுவே கிடக்கும் ஒல்லியான மணல்திட்டு தாங்குமா? இதைக் கேட்டவர்கள் பழவேற்காட்டு மீனவர்கள். பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் 2021 ஜனவரி 22 என்றார்கள், தள்ளிவைத்தார்கள். 2023 செப்டம்பர் 5 என்றார்கள், மறுபடியும் தள்ளிவைத்தார்கள்.

சொல்லாடலின் அரசியல் இங்கேதான் வேலை செய்கிறது. கோஸ்டரின் உயரத்தைச் சந்தேகிக்கிறவருக்கு 'ஆர்வலர்' என்று பெயர். துறைமுகத்தின் பரப்பைச் சந்தேகிக்கிறவருக்கு 'வளர்ச்சிக்கு எதிரி' என்று பெயர். கேள்வி ஒன்றுதான். முன்னவர் டிக்கெட் வாங்கப்போகிறவர், அதனால் அவர் அபிப்பிராயத்துக்கு விலை இருக்கிறது. பின்னவர் அங்கேயே குடியிருக்கிறவர், அவ்வளவுதான்.

சென்னையின் வரைபடத்தையும் இப்படி வாசிக்கலாம். கேளிக்கைப் பூங்காக்கள் பெரும்பாலும் தெற்கிலும் மேற்கிலும்: கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி., முட்டுக்காட்டில் எம்.ஜி.எம்., 1995இல் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா, கடைசியாக 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் வொண்டர்லா. அங்கே இருக்கை தண்டவாளத்துக்குக் கீழே தொங்கும் சுவிஸ் நிறுவனத்துக் கோஸ்டருக்குத் தஞ்சோரா என்று பெயர். அனல்மின் நிலையங்களும் கரித் துறைமுகமும் வடக்கில்: 1994இல் உற்பத்தி தொடங்கிய வடசென்னை அனல்மின் நிலையம், 2001இல் திறந்த எண்ணூர்த் துறைமுகம், அப்புறம் வல்லூர். அவற்றின் சாம்பல் கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படிந்த கதை எல்லோருக்கும் தெரியும். மவுச் சங்க்கில் கரியும் கேளிக்கையும் ஒரே தண்டவாளத்தில் ஓடின. இங்கே ஒரே மாநகரத்தின் இரண்டு முனைகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டிருக்கின்றன. தெற்கே உயரம், வடக்கே சாம்பல்.

வடக்கேயும் உயரம் இல்லாமல் இல்லை. ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1971 முதல் ராக்கெட்டுகள் போகின்றன. தீவிலிருந்த யானாதி மக்கள் அதற்காக வெளியேற்றப்பட்டார்கள். 2019இல் பார்வையாளர்களுக்கு அரங்கு கட்டி, ஆர்வலர்களை வரவேற்றார்கள். ஏவும் நாளன்று பழவேற்காட்டு மீனவர் கடலுக்குப் போகக் கூடாது. அன்றைக்கு அவருக்கும் ராக்கெட் தெரியும்தான். அந்த உயரத்தின் விலையில் ஒரு நாள் கூலி அவருடையது.

ஏரியில் இறால் பிடிப்பதற்குப் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. நல்ல இடம் எந்நாளும் ஒருவனுக்கே போகாமல், தலைக்கட்டுகளுக்குள் முறைவைத்து, சீட்டுப் போட்டு மாற்றிக்கொள்வார்கள். இன்று அதிகம் பிடித்தவன் நாளை கரையில் நிற்கலாம். இதைப் பொன்னுலகமாக்கிக் காட்ட நான் தயாரில்லை. தலித்துகளையும் இருளர்களையும் பெரும்பாலும் வெளியே நிறுத்திய முறைதான் அதுவும். அந்தக் கேள்வியை ஏரிக்குள்ளேயே கேட்டாக வேண்டும். என்றாலும் ஒரு விஷயம் அதில் இருக்கிறது. பாடு என்பது வரிசை. சாதனையைப் போல எல்லோரையும் கீழே தள்ளி ஒருவனை உச்சியில் நிறுத்துவதல்ல. தமிழில் அந்தச் சொல்லுக்குக் கஷ்டம் என்றும் பொருள் இருப்பது தற்செயலாக இருக்கலாம்.

கித்தியாவில் உயரத்தை எங்கிருந்து அளக்கிறார்கள் என்று ஆர்வலர்கள் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். காட்டுப்பள்ளி மணலில் நிற்கிறவரும் அதையேதான் கேட்கிறார்: உங்கள் வளர்ச்சியை எங்கே கோல் ஊன்றி அளக்கிறீர்கள்? அவருக்காக அறிவித்த கூட்டம் இரண்டு தடவை தள்ளிப்போனது. ராட்டினம் அடுத்த சித்திரைக்கும் வரும். அதைப் பார்க்க வருகிற குப்பம் அப்போதும் அந்த இடத்திலேயே இருக்குமா என்பது அந்தக் கூட்டத்தில் பேசப்பட்டிருக்க வேண்டிய விஷயம்.