தொழில்வழிச் சிகிச்சையில் பால்புதுமையினர்

நோய், விபத்து, மூப்பு, மனநலக் குறைவு ஆகியவற்றால் அன்றாட வேலைகள் தடைப்பட்டவர்களுக்கு அவற்றை மீண்டும் செய்யப் பயிற்சியளிப்பது தொழில்வழிச் சிகிச்சை. மருத்துவமனைகளில் இதை ஆக்குபேஷனல் தெரபி என்பார்கள். குளிப்பது, உடுத்துவது, சமைப்பது, வேலைக்குப் போவது எல்லாம் இதில் அடங்கும். 1917-இல் அமெரிக்காவில் அமைப்பாக உருப்பெற்ற இத்துறை, மனநல மருத்துவமனைகளில் வேர்விட்டு வளர்ந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973 வரையிலும், உலக சுகாதார நிறுவனம் 1990 வரையிலும் தன்பால் ஈர்ப்பை நோய்ப்பட்டியலில் வைத்திருந்தன. தன்பால் ஈர்ப்பாளர், திருநர் உள்ளிட்ட பால்புதுமையினரில் முதியவர் பலர் சிகிச்சையாளரிடம் மனம்விட்டுப் பேசத் தயங்குவதற்கு இந்த வரலாறும் காரணம். பாலீர்ப்பு படுக்கையறையோடு நிற்பதல்ல, ஒருவரது அன்றாடச் செயல்களுக்கே பொருள் தருவது என்று ஆய்வாளர் ஜீன் ஜாக்சன் 1995-இல் இத்துறையின் அமெரிக்க ஆய்விதழில் எழுதினார்.

பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்த திருநங்கைக்கு எந்த உடையை அணியப் பழக்குவது? எளிது என்பதற்காகச் சட்டையும் லுங்கியும் போடப் பழக்கினால் கை தேறலாம், ஆனால் அவர் வாழ்ந்த வாழ்க்கை திரும்பாது. சேலையை முன்கூட்டியே மடிப்பு வைத்துத் தைத்துக்கொள்ளலாம். ரவிக்கையின் கொக்கிகளுக்குப் பதிலாக ஒட்டுப்பட்டை வைக்கலாம். முகச்சவரமும் அவருக்கு வெறும் தூய்மைப் பழக்கமாக இராது. அது இல்லாமல் வாசலைத் தாண்டவே அவர் அஞ்சக்கூடும். மார்பை இறுக்கிக் கட்டும் உள்ளாடை அணியும் திருநம்பிக்கு மூட்டுவாதமோ மூச்சுக் கோளாறோ இருந்தால், அதைக் கழற்றி மாட்டும் முறை, அணியும் நேரம், இடையே தேவைப்படும் ஓய்வு ஆகியவற்றைச் சேர்த்தே திட்டமிட வேண்டும். மார்பு அறுவைக்குப் பின் கையை உயர்த்தத் தடை இருக்கும் வாரங்களில் தலைக்குக் குளிப்பதும் சமையலறை அலமாரியை எட்டுவதும் பயிற்சிக்குரியவை. குளியல் பயிற்சிக்கு யார் உடனிருக்கலாம் என்பதை அவரிடமே கேட்பது முறை.

கனடாவில் 1991-இல் வெளியான செயலாற்றல் மதிப்பீட்டுக் கருவியில், எந்தச் செயல் முக்கியம் என்பதைச் சிகிச்சை பெறுபவரே சொல்லி, 1 முதல் 10 வரை மதிப்பிடுவார். அவரவர் வாழ்க்கைக்கு ஏற்பப் பயிற்சியைத் திட்டமிட மிகவும் பொருந்தும் கருவி இது. ஆனால் அச்சமின்றிப் பேச முடிந்தால்தான் அது பயன்படும். “கணவர் பெயர் என்ன?” என்று தொடங்கும் படிவம் அந்தப் பேச்சைத் தொடக்கத்திலேயே அடைத்துவிடும், “வீட்டில் உங்களோடு யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டால் இணையரைப் பற்றிச் சொல்ல வழி பிறக்கும். அந்தப் பேச்சில் பாலுறவும் இடம்பெறலாம், அதுவும் அன்றாடச் செயல்களுள் ஒன்று என்று அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சைச் சங்கத்தின் 2002-ஆம் ஆண்டு வரைவுநெறி வகைப்படுத்தியுள்ளது.

இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2014-இல் திருநரின் பாலின அடையாளத்தை ஏற்றது. வயதுவந்தோர் விருப்பத்துடன் கொள்ளும் தன்பால் உறவு 2018-இல் குற்றப்பட்டியலிலிருந்து நீங்கியது. பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சைக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் தடை விதித்தது. இவற்றோடு 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தையும் சிகிச்சையாளர்கள் அறிந்திருக்க வேண்டும். மனநலச் சிகிச்சையில் பாலீர்ப்பின் பேரில் பாகுபாடு காட்டுவதை அது தடுக்கிறது. வயதுவந்த எவரும் அச்சிகிச்சையில் தமக்கான பிரதிநிதியை எழுத்துமூலம் நியமிக்கலாம் என்றும் அது சொல்கிறது. அந்தப் பிரதிநிதி இரத்த உறவாக இருக்க வேண்டியதில்லை, இணையராகவும் இருக்கலாம்.