கைத்துப்பாக்கியும் மூன்று ஆண்டுக் காத்திருப்பும்

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, 18 வயது நிறைந்தவர் உரிமம் பெற்ற கடையில் படிவத்தை நிரப்பி, பின்னணிச் சரிபார்ப்பில் தடையேதும் வராவிட்டால் ரைஃபிளோ ஷாட்கன்னோ வாங்கலாம். அதே கடையில் கைத்துப்பாக்கி கேட்டால் கிடைக்காது. அதற்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். தோட்டாவுக்கும் இதே வரம்புதான். .22 தோட்டா இரண்டு வகைத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்பதால், 21 நிரம்பாதவர் கேட்டால், ரைஃபிளுக்குத்தான் வாங்குகிறார் என்று கடைக்காரருக்கு நம்பிக்கை வந்த பிறகே கொடுக்க முடியும். 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வகுத்த வரம்பு இது. இதை 18-க்குக் குறைக்க வேண்டும் என்ற கோரிக்கை இப்போது வலுத்துவருகிறது. குறைக்கக் கூடாது என்பதும், சட்டத்திலுள்ள ஓட்டையை அடைக்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்ட ஆண்டில் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம் அது. அப்போது பெரும்பாலான மாநிலங்களில் வாக்குரிமைக்கும் 21 வயதே வரம்பு. 1971-இல் அரசியல் சாசனத்தின் 26-ஆம் திருத்தம் அதை 18 ஆக்கியது. வாக்குரிமை இறங்கியபோது துப்பாக்கி வரம்பு மட்டும் இறங்காமல் தங்கிவிட்டது, அது பழைய காலத்தின் எச்சம் என்பது எதிர்த்தரப்பின் வாதம். ஆனால் மதுவுக்கு 1984-இலும் புகையிலைக்கு 2019-இலும் அமெரிக்க நாடாளுமன்றம் 21 என்ற வயதைப் புதிதாகவே தேர்ந்தெடுத்தது. வாக்களிக்கத் தகுதி வந்தால் எல்லாவற்றுக்கும் தகுதி வந்துவிடும் என்று அந்நாட்டுச் சட்டம் கருதியதில்லை.

2022-இல் புரூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு நீதிமன்றங்கள் வரலாற்றைப் புரட்டத் தொடங்கின. ஆயுதக் கட்டுப்பாடு எதுவானாலும் அந்நாட்டின் பழைய மரபோடு ஒத்துப்போக வேண்டும் என்றது அத்தீர்ப்பு. 2025 ஜனவரியில் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 21 வயது வரம்பு செல்லாது என்றது; அதே ஆண்டு ஜூனில் நான்காம் வட்ட நீதிமன்றம் செல்லும் என்றது. செல்லாது என்னும் தரப்பு பெரிதும் நம்புவது 1792-இன் குடிப்படைச் சட்டத்தை. 18 முதல் 45 வயது வரையிலான வெள்ளையின ஆண்கள் படையில் சேர வேண்டும் என்றது அச்சட்டம். இதைச் சான்றாகக் கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. குடிப்படையில் இளைஞன் ஆயுதம் ஏந்தியது கடமையாக, அதிகாரியின் கட்டளைக்குக் கீழ். அவனுக்கு ஆயுதம் வாங்கித் தரும் பொறுப்பைச் சில மாநிலங்கள் பெற்றோர் மீதே சுமத்தின. அன்றைய பொதுச் சட்டத்தில் 21 நிரம்பாதவர் சட்டப்படி சிறார். அவர் செய்த ஒப்பந்தத்தை அவரே பின்னர் மறுத்துவிடலாம் என்பதால் வணிகர் அவருக்குக் கடன் கொடுக்கத் தயங்கினார். ஏந்தியதற்கு மரபு உண்டு. தானாகக் கடைக்குப் போய் வாங்கியதற்கு அதே அளவு மரபைக் காட்ட முடியவில்லை.

வரலாற்றை விடவும் என்னை உறுத்துவது வேறொன்று. 2021-இல் நான்காம் வட்ட நீதிமன்றத்தின் மூவர் அமர்வு இதே வரம்பை ரத்து செய்திருந்தது. அத்தீர்ப்பு நடைமுறைக்கு வருவதற்குள் வழக்குத் தொடுத்தவர்களுக்கு 21 வயது நிறைந்துவிட்டது; வழக்கே பொருளற்றதாகித் தீர்ப்பும் நீக்கப்பட்டது. இந்தச் சட்டம் எதைச் செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை. உரிமையைப் பறிக்காமல், அது கைக்கு வரும் நாளைத் தள்ளிவைக்கிறது. அந்தத் தாமதம் உயிர் சார்ந்தது. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கு மேற்பட்டவை தற்கொலைகள். துப்பாக்கியால் முயன்றவர்களில் பத்தில் ஒன்பது பேரளவுக்கு இறந்துவிடுகிறார்கள். முயன்று உயிர்பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பின்னர் தற்கொலையால் இறப்பதில்லை. ஒரு கொடிய இரவைக் கடந்துவிட்டால் வாழ்க்கை மிஞ்சும் வயதில், படுக்கையருகே இழுப்பறையில் வைக்கத்தக்க சிறு ஆயுதம் எளிதில் கிடைக்காமல் இருப்பது பெரிய காப்பு.

ஃபுளோரிடா மாநிலம் இந்த 21 வயது வரம்பை ரைஃபிளுக்கும் விரித்தது. 2018 பிப்ரவரியில் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேரைக் கொன்றவனின் வயது 19. துப்பாக்கியைச் சட்டப்படியே வாங்கியிருந்தான். அடுத்த மாதமே எல்லாத் துப்பாக்கிகளுக்கும் வாங்கும் வயதை மாநிலம் 21 ஆக்கியது. அதைத் திரும்ப 18 ஆக்கும் மசோதா 2023-இலும் 2025-இலும் அங்குள்ள பிரதிநிதிகள் அவையில் நிறைவேறியும் மேலவையில் நின்றுபோனது. பதினோராம் வட்ட நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அந்தச் சட்டத்தை உறுதிசெய்தது.

எதிர்த்தரப்பின் வாதங்களில் ஒன்றை மட்டும் எளிதில் தள்ளிவிட முடியாது. முன்னாள் துணைவனின் மிரட்டலுக்கு அஞ்சித் தனியே வாழும் 19 வயதுப் பெண் என்ன செய்வார்? இன்றைய சட்டம் அவருக்குக் கடையின் கதவை மூடிவிட்டு, உரிமம் இல்லாத தனியாரின் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 1994-இன் கூட்டாட்சிச் சட்டம் தனியார் விற்பனைக்கு 18 வயதையே வரம்பாக்கியது. பல மாநிலங்களில் அங்கே பின்னணிச் சரிபார்ப்பும் இல்லை. அவரை மிரட்டுபவனும் 19 வயதுக்காரனாக இருந்தால் அவனுக்கும் அதே கதவு திறந்திருக்கிறது. சரிபார்ப்பு உள்ள இடத்தில் தடை, இல்லாத இடத்தில் அனுமதி என்ற இந்த முறைகேட்டைத்தான் முதலில் திருத்த வேண்டும். தனியார் விற்பனையையும் 21 வயதுக்கும் சரிபார்ப்புக்கும் உட்படுத்தி, நீதிமன்றப் பாதுகாப்பு ஆணை பெற்றவருக்கு மட்டும் கடை வழியே விலக்கு அளிக்கலாம். டெக்சாஸின் யுவால்டி பள்ளிப் படுகொலைக்குப் பின் 2022 ஜூனில் வந்த சட்டம், 21-க்குக் கீழ்ப்பட்டவர் ரைஃபிள் வாங்கும்போது சிறார் காலப் பதிவுகளையும் மனநலப் பதிவுகளையும் பார்க்க 10 வேலைநாள் வரை அவகாசம் தருகிறது. அந்தச் சரிபார்ப்பையே இந்த விலக்குக்கும் பயன்படுத்தலாம். அவசரத் தேவை உள்ளவர்களுக்கு நாட்களை மட்டும் குறைக்க வேண்டியிருக்கும்.