யாருக்கான ஒழுக்கம்?

கல்முனைக்குத் தெற்கே, வயலுக்கும் கடலுக்கும் இடையிற் கிடக்கும் காரைதீவில் 1892ஆம் ஆண்டு பிறந்த மயில்வாகனம் என்னும் சிறுவன், கல்முனை மெதடிஸ்த பாடசாலையில் ஆங்கிலம் பயின்றபின் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரிக்கு அனுப்பப்பட்டான். அன்று கல்லடியிற் பாலமில்லை. கரையோரப் பாதையில் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் சென்று, வாவியைத் தோணியிற் கடந்தே புளியந்தீவை அடைதல் வேண்டும். சைவக் குடும்பத்துப் பிள்ளையாகிய அவன் அங்கே கத்தோலிக்கத் துறவிகளிடம் படித்தான். 16ஆம் வயதிற் கேம்பிரிட்ஜ் சிரேட்ட பரீட்சையிற் சித்தியெய்தி, படித்த கல்லூரியிலேயே ஆசிரியனுமானான். 1947ஆம் ஆண்டில் யாழ்நூலைத் தந்துவிட்டு மறைந்த விபுலாநந்த அடிகளே அச்சிறுவன்.

அடிகளாரைப் பாதிரிமார் மதம் மாற்றவில்லை. மாற்ற முயன்றனரா என்பதும் இங்கு நமக்குப் பொருளன்று. அவர் பின்னாளில் 1929ஆம் ஆண்டு கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியபோது, கூடவே மாணவர் இல்லத்தையும் விளையாட்டுத் திடலையும் ஒழுங்கான நாட்கடமையையும் வைத்துப் பாடசாலை நடத்தும் முறையை எங்கிருந்து கற்றார் என்பதே நம் வினா. இராமகிருஷ்ண சங்கத்தின் மரபு ஒரு விடை. மிக்கேல் கல்லூரியும், 1917ஆம் ஆண்டு முதல் அவர் விஞ்ஞானம் கற்பித்த யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியும் மற்றைய விடை என்று கருதுவதில் தவறில்லை.

மிக்கேல் கல்லூரி 1873ஆம் ஆண்டில் தோன்றியது. 1893ஆம் ஆண்டு திருகோணமலை மறைமாவட்டம் அமைக்கப்பட்டு, பிரான்சிலிருந்து வந்த இயேசு சபையாரிடம் ஒப்படைக்கப்பட்டபின் அக்கல்லூரி அவர்கள் கைக்கு வந்தது. இரண்டாம் உலகப்போரின் பின்னர், 1940களின் இறுதியில், அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து இயேசு சபையார் வந்தனர். வெபர், ஹேபியர், மில்லர் ஆகிய பெயர்களை மட்டக்களப்பார் இன்றும் மறக்கவில்லை. நகரின் விளையாட்டரங்கு வெபர் பாதிரியாரின் பெயரையே தாங்கி நிற்கின்றது.

இச்சபையாரின் பாடசாலை முறைக்கு 1599ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்ட விதிநூல் ஒன்றுண்டு. எந்த வகுப்பில் எதைப் படிப்பிப்பது என்பதோடு மாணவரை எங்ஙனம் நடத்துவது என்பதையும் அது கூறும். அதில் ஒரு விதி சிந்தனைக்குரியது. பிள்ளையை அடிக்க நேர்ந்தால் ஆசிரியராகிய துறவி அடிக்கலாகாது. சபையைச் சேராத வேறொருவரை அதற்கென நியமித்தல் வேண்டும். புத்தி சொல்லும் வாயும் பிரம்பு பிடிக்கும் கையும் ஒருவனுக்கே உரியனவாக இருத்தலாகாது என்பதை 400 ஆண்டுகளுக்கு முன்னரே அவர்கள் கண்டிருந்தனர். அடியையே நிறுத்தலாம் என்பது மட்டும் அவர்களுக்குத் தோன்றவில்லை! எங்கள் நாட்டு மிஷன் பாடசாலைகளில் அவ்விதி பெரும்பாலும் ஏட்டோடு நின்றது என்றே சொல்ல வேண்டும். பிரம்பை அறியாத பழைய மாணவர் அரியர்.

விடுதி வாழ்க்கை மணியோசையால் ஆளப்பட்டது. அதிகாலை மணி, பூசை, மௌனப் படிப்பு, வகுப்பு, மாலை விளையாட்டு, இரவுப் படிப்பு, மீண்டும் மணி. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குப் பாவசங்கீர்த்தனமும் மரியாயின் சபையும் ஆண்டுத் தியானமும் இருந்தன. அவர்கள் ஞானோபதேச வகுப்புக்குச் சென்ற வேளையில் ஏனையோருக்கு ஒழுக்கப் பாடம் நடத்துவது இத்தகைய பாடசாலைகளின் வழக்கம். வாய்மை, தூய்மை, நேரந்தவறாமை, கீழ்ப்படிவு ஆகியவை அதன் பொருள்.

ஆயின் உண்மையான வழிகாட்டல் இவ்வகுப்புகளில் நடைபெறவில்லை. அது விறாந்தையிலும் பந்தடி திடலிலும் நிகழ்ந்தது. எந்தப் பையனின் தகப்பன் இறந்தான், எவனுக்கு வீட்டிலிருந்து காசு வரவில்லை, எவன் இரவில் அழுகின்றான் என்பதெல்லாம் விடுதிக்குப் பொறுப்பான குருவுக்குத் தெரியும். அந்த அறிவுக்குப் பின்னே ஒரு பொருளாதாரம் இருந்ததை நாம் கவனித்தல் வேண்டும். குடும்பமில்லாத, சம்பளத்தைத் தனக்கென எடுத்துக்கொள்ளாத, மாலை 2 மணிக்குப் பஸ் பிடிக்க வேண்டாத ஒரு மனிதனின் முழுநாள் உழைப்பே அந்த வழிகாட்டல். அவ்வுழைப்புக்கு விலை போட்டால் எந்தக் கல்வி அமைச்சும் மலைத்துப்போகும்.

இனி, அந்த ஒழுக்கம் யாருக்காக? 1870ஆம் ஆண்டின் பின் குடியேற்ற அரசு மிஷன் பாடசாலைகளுக்கு உதவி நன்கொடை வழங்கியது. அதற்கு அதன் சொந்தத் தேவையும் இருந்தது. கச்சேரிக்கு எழுதுவினைஞர் வேண்டும். தபாற் கந்தோருக்கும் சுங்கப் பகுதிக்கும் ஆங்கிலம் அறிந்த, நேரத்துக்கு வருகின்ற, மேலதிகாரி சொன்னதை மறுக்காத இளைஞர் வேண்டும். கீழ்ப்படிவும் நேரந்தவறாமையும் ஆண்டவனுக்கு உகந்தனவாய் இருந்தது போலவே அரசாங்க அதிபருக்கும் உகந்தனவாய் இருந்தன. கரைவாகுப் பற்றின் வயல்களுக்கு உடைமையாளரான போடியாரின் மகன் அங்கே சென்றான். அவ்வயலில் நெல்லைக் கூலியாகப் பெற்று உழைத்த முல்லைக்காரனின் மகன் அந்த வாசலைப் பெரும்பாலும் கண்டிலன். அவனது குணத்தை உருவாக்கும் பொறுப்பு மாரிப்போகத்துக்கும் கடன் கணக்குக்கும் விடப்பட்டது.

முஸ்லிம் பிள்ளைகளின் நிலை வேறு. மதம் போய்விடும் என்ற அச்சம் பெற்றோரை மிஷன் பாடசாலையிலிருந்து விலக்கி வைத்தது. அதைப் பிற்போக்கு என்று கூறி ஒதுக்குதல் எளிது. ஆனால் அவ்வச்சத்துக்கு ஆதாரம் இல்லாமலில்லை. பிறமதப் பிள்ளையைக் கிறித்தவ சமயப் பாடத்தில் அமர்த்துவதற்கு எதிராக மனச்சாட்சிப் பிரிவு ஒன்றைச் சட்டத்திலே கேட்டுப் பெற வேண்டியிருந்த நாடு இது. கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் பிள்ளைகள் ஓதப் பள்ளிக்குச் சென்றனர். அப்பாலுள்ள கல்வியின் வாயில் ஒருசிலருக்கே திறந்தது.

1942ஆம் ஆண்டு, போர்க்கால உணவு நெருக்கடியில், ஏ. எம். ஏ. அஸீஸ் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார். இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிற் பிறந்து இந்துக் கல்லூரியிற் படித்தவர். விபுலாநந்த அடிகளோடு அவருக்கு நட்பு ஏற்பட்டதும் இக்காலத்திலேதான். உணவு உற்பத்திக்காக வந்தவர் இக்கரையின் கல்வி வறுமையைக் கண்டார். 1945ஆம் ஆண்டில் அவர் முன்னின்று தொடங்கிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதிக்கு அக்காட்சியும் ஒரு தூண்டுதல் எனலாம். 1948ஆம் ஆண்டு பதவியைத் துறந்து கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். 1961ஆம் ஆண்டுவரை அங்கிருந்தார். கல்முனையிலும் 1949ஆம் ஆண்டு ஒரு ஸாஹிரா தோன்றியது. இந்துக் கல்லூரியிற் படித்த முஸ்லிம், கத்தோலிக்கக் கல்லூரியிற் படித்த சைவத் துறவியோடு அமர்ந்து தமிழ் பேசிய அக்காலம் எத்துணை அரியது என்பதை, பின்னர் நடந்தவற்றை அறிந்த நாமே உணர்தல் இயலும்.

1945ஆம் ஆண்டில் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசுடைமையாக்கின. கல்வி அமைச்சராயிருந்தவர் பதியுதீன் மஹ்மூத். கத்தோலிக்கர் கடுமையாக எதிர்த்தனர். பெற்றோர் பாடசாலைகளுக்குட் புகுந்து தங்கினர். இடதுசாரிகள் சட்டத்தை ஆதரித்தனர். அவ்வாதரவு சரியானதே என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. வரிப்பணத்தில் நடக்கும் பாடசாலை ஒரு திருச்சபையின் தனிச்சொத்தாக இருத்தல் முறையன்று. முல்லைக்காரனின் மகன் இன்று பல்கலைக்கழகம் செல்கின்றானென்றால் இலவசக் கல்வியும் அச்சட்டங்களுமே காரணம்.

ஆனால் நம்மவர் ஒன்றைக் கணக்கிலெடுக்கவில்லை. அரசு கட்டிடத்தை ஏற்றது, பரீட்சையை ஏற்றது, ஆசிரியர் சம்பளத்தை ஏற்றது. இரவில் அழும் பையன் எவனென்று அறிந்திருந்த அந்த ஒருவரின் வேலையை மட்டும் யாரும் ஏற்கவில்லை. மதத்தோடு அதுவும் போகட்டும் என்று இருந்துவிட்டோம். மதம் போகவுமில்லை, ஒவ்வொரு சமூகமும் தன் பாடசாலைக்குள் தன் மதத்தோடு ஒதுங்கிக்கொண்டது. மிக்கேல் கல்லூரி இன்று ஒரு தேசியப் பாடசாலை. கல்முனையில் உவெஸ்லி, கார்மேல் பாத்திமா, ஸாஹிரா மூன்றும் ஒரே நகரிலேதான் உள்ளன. ஒரு பாடசாலைப் பிள்ளைக்கு மற்றதன் பிள்ளையைப் பெரும்பாலும் விளையாட்டுப் போட்டியன்று மட்டுமே தெரியும்.

1990ஆம் ஆண்டு இந்தப் பிரிவைக் குருதியால் எழுதியது. ஜூன் மாதத்தில் கல்முனையில் தமிழர் கொல்லப்பட்டனர். ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடியில், தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் பள்ளிவாசல்களிலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். அம்மாதம் 15ஆம் நாள், பல தலைமுறைப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்தாட்டம் பயிற்றிய ஹேபியர் பாதிரியார், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியிற் காணாமற்போனார். உடன் வந்த தமிழ் இளைஞனும் திரும்பவில்லை. மிக்கேல் கல்லூரியின் தலைமையை ஒருகாலத்தில் வகித்த மில்லர் பாதிரியார், காணாமற்போன பிள்ளைகளைப் பற்றித் தாய்மார் கூறியவற்றைக் கேட்டு எழுதிவைக்கும் பணியில் இறங்கினார். 1948ஆம் ஆண்டு வந்த அவர், 2016ஆம் ஆண்டின் இறுதி நாளில் மட்டக்களப்பிலேயே காலமானார். முன்னர் பையன்களின் பெயரை வரவு இடாப்பில் எழுதிய கை அது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் வந்தது. நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அவ்விழப்பின் பெரும்பகுதி இக்கரையோர ஊர்களுடையது. அதன் பின்னரே ‘உளவளத்துணை’ என்னும் சொல் எங்கள் பாடசாலைகளிற் பரவலாயிற்று. செயலமர்வுகள் நடந்தன, சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. உடற்றண்டனையைத் தடைசெய்யும் சுற்றறிக்கைகளும் உண்டு. 2021ஆம் ஆண்டு பெப்ரவரியில் உயர் நீதிமன்றமே மாணவன் ஒருவனை அறைந்த ஆசிரியருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பிரம்பு போய்க்கொண்டிருக்கின்றது, போகட்டும். ஆனால் வழிகாட்டல் ஆசிரியர் என்று நியமிக்கப்படுபவருக்கு வாரத்தில் எத்தனை பாடவேளை வழிகாட்டலுக்கென்று விடப்படுகின்றது என்று எந்தப் பாடசாலையிலேனும் கேட்டுப் பாருங்கள். நேர அட்டவணையில் அதற்கென இருக்கும் கட்டத்திற் பெரும்பாலும் வேறு பாடத்தின் பெயரே எழுதப்பட்டிருக்கும்.

சென்ற ஆண்டு என் வகுப்பில் 10ஆந்தரப் பையன் ஒருவன் மூன்று வாரம் வரவில்லை. இடாப்பில் ஒவ்வொரு நாளும் பிழையடையாளம் இட்டவன் நானே. இலக்கணம் முடிக்க வேண்டியிருந்தது, விசாரிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலை கடற்கரைக்குச் சென்றபோது, கரைவலை இழுப்போர் வரிசையிற் கடைசி ஆளாக அவனைக் கண்டேன். கயிற்றை விட்டுவிட்டு வந்து நின்றான்.

“சேர், என்ட பேர வெட்டிட்டீங்களா?” என்றான்.

வெட்டவில்லை என்றேன். வலை கரைக்கு வரும்வரை நின்று, அவனது தகப்பனைப் பற்றிக் கேட்டேன். கட்டாருக்குப் போனவர் என்று நான் எண்ணியிருந்தவர், வீட்டிலே பாரிசவாதத்தில் படுத்திருந்தார். அடுத்த திங்கட்கிழமை அவன் வந்தான். செவ்வாய்க்கிழமை வரவில்லை. அன்று பாடசாலை விட்டதும் பஸ்ஸை விட்டுவிட்டு அவன் வீட்டுக்கு நடந்தேன்.