சீ மொழியில் நினைவக ஒதுக்கீடும் பிழையான அளவுகளும்

சீ என்னும் கணனிமொழி 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் றிச்சி என்பவரால் ஆக்கப்பட்டது. அம்மொழியில் எழுதப்பட்ட நிரலொன்று இயங்கும்போதே தனக்கு வேண்டிய நினைவகத்தைக் கேட்டுப் பெறுதற்கு உதவுவது ‘மலொக்’ என்னும் செயற்கூறாகும். 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பின் கைந்நூல், அதற்கு அளிக்கப்படும் அளவைக் குறியற்ற முழுவெண்ணாக வரையறுத்தது. மலொக்கிற்கு மறையெண் என்பதே கிடையாது. கிடைக்கும் எந்த எண்ணும் அதற்கு முறையான கோரிக்கையே. சிக்கலின் வேர் இங்கேயே உள்ளது.

32 பிற்றுப் பொறியொன்றில் −1 என்பது தவறுதலாக அளவாகச் செல்லின், அது 4294967295 என வாசிக்கப்படும். இத்தகைய பேரளவு பெரும்பாலும் மறுக்கப்படுமாதலின் தவறு வெளிப்பட்டுவிடும். பெருக்கத்தால் விளையும் தவறோ அவ்வாறன்று. ஒவ்வொன்றும் 4 பைற்று கொண்ட 1073741825 கூறுகளுக்கு இடங்கோரின், உண்மையான பெருக்கம் 4294967300 ஆகும். 32 பிற்றுள் அடங்காத பகுதி உதிர்ந்துவிட, எஞ்சுவது 4 மட்டுமே. மலொக் அந்த 4 பைற்றைத் தயக்கமின்றி வழங்கும். நிரலோ நூறு கோடிக்கு மேற்பட்ட கூறுகளுக்கு இடமுண்டெனக் கொண்டு, தனக்குரியதல்லாத நினைவகத்தில் எழுதிச் செல்லும்.

இது வெறுங் கற்பனையன்று. தொலைவிலுள்ள கணனிகளுட் புகப் பயன்படும் ‘ஓப்பின் எஸ்.எஸ்.எச்.’ மென்பொருளில் 2002 யூனில் இவ்வகைக் குறைபாடு வெளிப்பட்டது. வெளியார் அனுப்பிய எண்ணொன்று சோதிக்கப்படாமலே பெருக்கப்பட்டதே அதற்குக் காரணம். அதே ஆண்டு ஓகஸ்ற்றில், பெருக்கலையே தன் தொழிலாகக் கொண்ட ‘கலொக்’ செயற்கூறும் பல நூலகங்களில் இதே குறையுடன் இருந்தமை அறியப்பட்டது.

பூச்சியத்தின் வரலாறு வேறு வகையானது. 0 பைற்று கேட்கப்படின் வெற்றுச் சுட்டியையோ பயன்படுத்தலாகாத வேறொரு சுட்டியையோ தரலாமென 1989ஆம் ஆண்டின் நியமம் இருவழியையும் அனுமதித்தது. ‘றியலொக்’கிற்குப் பூச்சியம் கொடுப்பின் பழைய இடம் விடுவிக்கப்படும் என்றும் அது கூறிற்று. 1999ஆம் ஆண்டின் நியமத்தில் அவ்வாக்கியம் இடம்பெறவில்லை. நூலகங்கள் வெவ்வேறு வழிச் சென்றன. 2024இல் வெளியான நியமம் அச்செயலின் விளைவை வரையறுக்காமலே விட்டுவிட்டது.

2014இல் ஓப்பின் பி.எஸ்.டி. குழுவினர் ‘றியலொக்அறே’ என்னுஞ் செயற்கூறை அறிமுகஞ் செய்தனர். அது எண்ணிக்கையையும் கூறின் அளவையும் தனித்தனியே பெற்று, பெருக்கம் எல்லை மீறின் கோரிக்கையை மறுக்கும். பெருக்கி முடிந்தபின் 4 என்னும் எண்ணை எவ்வளவு நுணுகி நோக்கினும் அதிற் பிழை தென்படாது. பெருக்கப்படுமுன், இரு எண்களும் கண்முன் உள்ளபோதே சோதனை நிகழ்தல் வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.